மூடப்பட்ட பள்ளியின் கண்காட்சி

பொருட்காட்சிசாலை என்றவுடன் பழங்காலச் சிற்பங்களும், செப்பேடுகளும், வாளும் கேடயமுமே நம் நினைவில் எழும். ஆனால் நாற்காலி, மேசை விளக்கு, தேநீர்க் கெண்டி ஆகியவற்றோடு, மாணவர்கள் வகுப்பறையில் செய்த பயிற்சிகளையும் ஒரு பொருட்காட்சிசாலை மக்களுக்குக் காட்டியதுண்டு. 1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நியூயார்க் நகரத்து நவீனக் கலைப் பொருட்காட்சிசாலை நடத்திய பௌஹௌஸ் கண்காட்சியையே குறிப்பிடுகிறேன். அதனை அமைத்தவர் ஹெர்பர்ட் பையர். அப்பள்ளியில் முதலில் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் விளங்கியவர். காண வருவோர்க்கு வழி தெரியும்பொருட்டுத் தரையிலேயே காலடிச் சுவடுகளைத் தீட்டி வைத்தார். எனினும் கண்காட்சி திறக்கப்பட்ட அன்று அப்பள்ளி இல்லை. அது மூடப்பட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. மூடிய பள்ளி ஒன்றில் உலகம் கண்டு வியக்க என்ன இருந்தது?

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில், அதாவது 1919இல், ஜெர்மனியின் வைமார் நகரில் கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ் அப்பள்ளியைத் தோற்றுவித்தார். ஓவியம் பயில்வோர் ஒரு புறமும், தச்சரும் கொல்லரும் மற்றொரு புறமுமாகப் பிரிந்து நிற்பது தகாது என்பது அவர் கொள்கை. ஆகவே அங்கே வகுப்பறைக்கு ஈடாகப் பட்டறையும் இருந்தது. மாணவர்கள் மரம், உலோகம், நூல், களிமண் ஆகியவற்றைத் தம் கையால் தொட்டே கற்றனர்.

பட்டறையில் நுழையுமுன் அனைவரும் ஓர் அடிப்படைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதனைக் கற்பித்தவருள் ஒருவர் யோசெஃப் ஆல்பர்ஸ். ஒரு நாள் அவர் செய்தித்தாள்களைக் கொணர்ந்து மாணவர்களிடம் கொடுத்து, சிறிதும் வீணாக்காமல் அவற்றைக் கொண்டு ஏதேனும் செய்யுமாறு பணித்துச் சென்றாராம். திரும்பி வந்து பார்த்தால், கோட்டைகளும் படகுகளும் விலங்குகளும் நிறைந்திருந்தன. அவற்றை அவர் மெச்சவில்லை. ஒரு மாணவர் மட்டும் தாளை நெடுக மடித்து நிமிர்த்தி வைத்திருந்தார். அதுவே சிறந்தது என்றார் ஆசிரியர்.

ஏன் தெரியுமா? கோட்டையைக் கல்லால் கட்டலாம். படகை மரத்தால் செய்யலாம். துவளும் தாள் ஒரு மடிப்பினால் விறைப்புப் பெற்றுத் தன் விளிம்பிலேயே நிற்பது தாளுக்கே உரிய ஆற்றலாகும். பொருளின் இயல்பை அறிந்து அதற்கேற்ப உருவம் கொடுத்தல் என்னும் பாடத்தை அந்த மடிப்பு உணர்த்திவிட்டது.

இப்பாடம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு மார்செல் பிரோயர் சான்றாவார். மிதிவண்டியின் கைப்பிடியாக எஃகுக் குழாய் வளைவதைக் கண்ட அவர், 1925இல் அத்தகைய குழாயையே வளைத்து நாற்காலி செய்யத் தொடங்கினார். கனத்த மரச் சட்டங்களின்றியே அது மனிதனைத் தாங்கிற்று.

குறையும் உண்டு, அதனை மறைத்தல் ஆகாது. ஆண் பெண் வேற்றுமை இல்லை என்று கூறித் தொடங்கிய அப்பள்ளி, பெண்களுள் மிகப் பலரை நெசவுக்கூடத்திற்கே அனுப்பிற்று. கண்ணாடி வேலை பயில விரும்பிய ஆன்னி ஆல்பர்ஸும் மனமின்றியே தறியருகே அமர்ந்தார். பின்னர் ஒலியை உறிஞ்சி ஒளியைப் பிரதிபலிக்கும் துணி ஒன்றை ஓர் அரங்கத்திற்காக நெய்து பெயர் பெற்றார். அவர் திறமை அந்த அநீதியை நீதியாக்கிவிடாது.

பள்ளி 1925இல் டெஸ்ஸாவுக்கும், 1932இல் பெர்லினுக்கும் இடம் பெயர்ந்தது. 1933இல் நாஜி ஆட்சியில் காவலர் புகுந்து சோதனையிட்டுக் கட்டடத்திற்கு முத்திரையிட்டனர். அவ்வாண்டே பள்ளி கலைந்தது. அதன் ஆயுள் பதினான்கே ஆண்டுகள். ஆல்பர்ஸ் தம்பதியரும் குரோப்பியஸும் அமெரிக்கா சென்று கற்பித்தனர். நியூயார்க்கில் மக்கள் கண்டது, கட்டடம் போன பின்னும் கைகளில் தங்கியிருந்த கல்வியையே.

மாணவர்களே, இன்றிரவு ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து முன்னே வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி வேண்டாம், பசையும் வேண்டாம். அது எவ்வாறு நிற்க விரும்புகிறது என்று உங்கள் விரல்களால் கேட்டுப் பாருங்கள்.