மாஞ்சோலைக்கு வண்டி எடுக்கிறீங்களா? ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான் கண்டம்!

அம்பை,

மலை ஏறக் கிளம்பும் கார்களை மணிமுத்தாறு பக்கம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். சாப்பாட்டு டப்பா இருக்கும், தண்ணீர் கேன் இருக்கும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர்கூட இருக்கும். ‘பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?’ என்று கேட்டால் மட்டும் டிரைவர் சீட்டில் இருப்பவர் திருதிருவென முழிப்பார்.

சில வருடங்களுக்கு முன்பு வரை எனக்கும் அதே முழிதான். ஒரு செய்திக்காக வாடகை வேனில் மாஞ்சோலை போய்விட்டு எட்டு பேர் இறங்கிக் கொண்டிருந்தோம். டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர் அண்ணாச்சி வண்டியை நியூட்ரலில் விட்டார். பத்துப் பதினைந்து வளைவு தாண்டியதும் ரப்பர் கருகுகிற மாதிரி நாற்றம். அடுத்த வளைவில் அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

அவர் பழைய கை. பெடலை அடித்து அடித்து மிதித்து, கியரை எப்படியோ இரண்டாவதில் திணித்து, வண்டியை மலை ஓரமாக ஒதுக்கி, டயரை மண்ணில் உரச விட்டு நிறுத்தினார். இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எதனால் அப்படி ஆனது? அன்றைக்குப் பிறகு இரண்டு மூன்று பட்டறைகளில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலு குடம் தண்ணீர் கொதிக்கும்!

மணிமுத்தாறு அணைப் பக்கத்தில் இருந்து மாஞ்சோலை எஸ்டேட் வரை சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். திரும்பி வரும்போது அவ்வளவு உயரமும் இறங்க வேண்டும். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள ஒரு காரை, அந்த இறக்கம் முழுக்க பிரேக்கை வைத்தே பிடித்து இறக்கினால் எவ்வளவு சூடு உண்டாகும் தெரியுமா? கணக்குப் போட்டால் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு வரும். அதாவது கிட்டத்தட்ட நாலு குடம். அத்தனை சூட்டையும் உள்ளங்கை அளவு பிரேக் பேடுகளும் நாலு சக்கரமும் தாங்க வேண்டும். வேன் என்றால் இதுவே இரண்டு மடங்கு.

சூடு ஏறினால் முதலில் பேடு வழுக்கும். மிதித்தாலும் பிடிக்காது. அடுத்ததாக அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் குணம் உடையது. டாட் 3 வகை புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயிலோ 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். டாட் 4 என்றால் புதுசில் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். நாம் மிதிக்கிற மிதி குமிழை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அன்றைக்கு எங்கள் வேனில் நடந்தது இதுதான்.

ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. நெல்லை ஜங்ஷன் நெரிசலில் அதே வண்டி ஜம்மென்று நிற்கும். மலைதான் காட்டிக்கொடுக்கும்.

ரேஸ் டிராக்கிலும் இதே கதை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. 1990-ல் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. கோவை செட்டிபாளையத்திலும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று ஒன்று உண்டு. பணம் கட்டி சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளை ‘டிராக் டே’ என்கிறார்கள். பணக்கார விளையாட்டு, நமக்கெதுக்கு என்று நானும் நினைத்தேன். ஆனால் அங்கே போகிறவர்கள் முதலில் பார்ப்பது இன்ஜின் பவரை அல்ல. பிரேக் ஆயில், பிரேக் பேடு, டயர், அப்புறம் காருக்குள் உருண்டு ஓடுகிற சாமான்கள். மாஞ்சோலைக்குப் போகிற நாம் பார்க்க வேண்டியதும் அதே நாலுதான். டிராக்கில் வழுக்கினால் ஓரத்தில் மண் திடல் இருக்கும். இங்கே அது கிடையாது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பட்டறைக்குப் போங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதென்றால் யோசிக்காமல் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் வண்டிக்கு டாட் 3-ஆ, டாட் 4-ஆ என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். குறைகிறதே என்று வேறு எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், உள்ளே ரப்பர் ஊதிப்போகும். பேடு கனம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. டயர் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். அந்த டயரில் மலை ஏறக்கூடாது. காற்று கம்பெனி சொன்ன அளவு போதும். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், ரொம்பப் பேர் மறப்பது அதைத்தான்.

ரேடியேட்டர் கூலன்ட் அளவைக் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஏற்றத்தில் சூடாகி நின்றுவிட்டால் மூடியை உடனே திறக்காதீர்கள், முகத்தில் அடிக்கும். டீசல், பெட்ரோலை கல்லிடைக்குறிச்சி, அம்பையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் மேலே வண்டி நின்றால் எஸ்டேட் ஆட்கள் ஓடி வருவார்கள். 2024-ல் தேயிலைக் கம்பெனி வேலையை நிறுத்திய பிறகு நிறைய குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. செல்போன் டவரையும் நம்ப முடியாது. கயிறு, ஜாக்கி, டார்ச், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எல்லாம் உங்கள் வண்டியிலேயே இருக்கட்டும்.

இது 1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி போக முடியாது. மழை, வெள்ளம் என்றால் அனுமதியையே நிறுத்திவிடுவார்கள். அதனால் முதல் நாளே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஊத்து, நாலுமுக்கில் மழை எப்படிப் பெய்யும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிரைவருக்கும் சர்வீஸ் வேண்டும்

ராத்திரி முழுக்கக் கல்யாண வீட்டில் இருந்துவிட்டு விடிகாலை வண்டி எடுக்காதீர்கள். ஆறேழு மணி நேரத் தூக்கம் வேண்டும். சரக்கு வேண்டவே வேண்டாம். செருப்பு வழுக்கும், பெடலுக்கு அடியில் மாட்டும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை டிரைவர் காலடியில் உருள விடாதீர்கள், பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் அவ்வளவுதான். மலையை வேடிக்கை பார்க்கும் வேலையைப் பக்கத்து சீட்காரரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது இறக்கத்துக்கு வருவோம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆள் அதிகம் என்றால் ஒரு கியர் குறைத்தே இறங்கலாம். காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு மிதி மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். சும்மா தொட்டுக்கொண்டே வந்தால்தான் சூடு ஏறும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘எல்’ அல்லது ‘2’ அல்லது மேனுவல் மோடு.

நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்பது இந்தக் காலத்து வண்டிகளுக்குப் பொருந்தாது. கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர் எண்ணெயை அப்படியே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எண்ணெய் குடிக்கும். இன்ஜினை ஆஃப் பண்ணி இறங்குவது இன்னும் மோசம். இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

எதிரே வண்டி ஏறி வந்தால் ஏறுகிறவருக்குத்தான் முதல் உரிமை. அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள்.

யானை நின்றால்? ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, அது போகும்வரை இருங்கள். தேவைப்பட்டால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். 2023 ஜூனில் தேனி பக்கம் பிடித்துக் கொண்டுவந்து மேல் கோதையாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், செப்டம்பரில் மாஞ்சோலை எஸ்டேட்டுக்கே வந்துவிட்டது. மிளா, காட்டு மாடு எல்லாம் வளைவு திரும்பியதும் நடுரோட்டில் நிற்கும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

கருகல் நாற்றம் வந்தாலோ பெடல் மெத்தென்று இருந்தாலோ ‘கீழே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிக்கும் அல்லது கோணலாகும். ஆறிய பிறகு பெடலை நாலு தடவை மிதித்துப் பார்த்து, கெட்டியாக இருந்தால் மட்டும் முதல் கியரில் நகருங்கள். கெட்டி ஆகவில்லையா, வண்டி அங்கேயே நிற்கட்டும்.

கிளம்பும்போது முட்டுக் கொடுத்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்க. பின்னாடி வர்றது அரசு பஸ்ஸா இருக்கும்.