ஒரு விசைக்கு இரு தொழில்

கணினி நிரல் எழுதுவோர் கையாளும் உரைத்தொகுப்பிகளுள் 'வீஐ' என்பது புதியோரைத் திகைக்கச் செய்வதிற் பெயர்பெற்றது. அதனைத் திறந்து எழுதப் புகுவோன் தட்டும் எழுத்துக்கள் திரையில் தோன்றா. ஒரு விசை எழுத்தொன்றை அழித்துவிடும். மற்றொன்று அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். காரணம் யாதெனின், அத்தொகுப்பி இரு நிலைகளையுடையது. திறந்தவுடன் இருப்பது கட்டளை நிலை. அங்கு விசைகள் ஏவல்களாகும். 'ஐ' விசையை அழுத்திய பின்னரே எழுது நிலை வரும். 'எஸ்கேப்' விசை மீண்டும் கட்டளை நிலைக்கு இட்டுச்செல்லும். பலபொருளொருசொல் சார்பினாற் பொருள் வரையறைப்படுவது போல, விசையின் பொருளும் நிலையினால் வரையறைப்படுகின்றது.

இவ்வமைப்பு ஒருவரது விசித்திர விருப்பத்தால் எழுந்ததன்று. 1976ஆம் ஆண்டளவிற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் என்பார் இதனை ஆக்கினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்திற் சுட்டெலி கிடையாது. தனி அம்பு விசைகளும் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின்மீதே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. வீஐ பயில்வோர் இன்றும் இந்நான்கினால் இடம்பெயர்வது அதன் எச்சமாகும். மேலும், அவர் வீட்டிலிருந்து வேலைசெய்த தொலைபேசி இணைப்பு வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்களையே கடத்தவல்லது. வரிக்கு 80 எழுத்தாக 24 வரி கொண்ட திரையை முழுதும் நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேற் செல்லும். ஆதலின் சில தட்டல்களாற் பெரிய மாற்றம் செய்யவேண்டியிருந்தது.

அச்சிக்கனத்தோடு ஓர் இலக்கணமும் அமைந்தது. 'டி' அழித்தலையும், 'சி' மாற்றி எழுதலையும், 'வை' படியெடுத்தலையும் குறிக்கும் வினைகள். 'டபிள்யூ' என்பது ஒரு சொல்லளவு. டி, டபிள்யூ இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டின் ஒரு சொல் அழியும். இடையில் 3 சேர்ப்பின் மூன்று சொற்கள் அழியும். மூன்று வினையும் பத்து அளவும் கற்றோன் முப்பது ஏவல்களைத் தனித்தனியே மனனஞ் செய்யாமற் பெற்றுவிடுகின்றான். (வினையை முன்னும் செயப்படுபொருளைப் பின்னும் வைக்கும் இம்முறை ஆங்கில வாக்கியத்துக்கு இயைந்தது. பிற்காலத்தெழுந்த 'ககூன்' என்னும் தொகுப்பியோ பொருளை முதலிற் காட்டி வினையைப் பின்வைத்தலால், தமிழ் வழக்கை ஒத்திருக்கின்றது!)

எனினும் நிலைமாற்றத்தை வன்மையாக மறுத்தாரும் உளர். அவருள் முதன்மையானவர் சீரொக்ஸ் ஆய்வுகூடத்திற் பணியாற்றி, 2020இல் மறைந்த லரி ரெஸ்லர். அவ்வாய்வுகூடத்தில் வழங்கிய 'பிராவோ' என்னும் தொகுப்பியைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. எழுது நிலைக்குச் செல்ல மறந்த ஒருவர் 'எடிட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினாராம். 'ஈ' ஆவணம் முழுவதையும் தெரிவுசெய்தது. 'டி' அதனை அழித்தது. 'ஐ' எழுது நிலைக்கு மாற்றியது. எஞ்சியது 'ரி' என்னும் ஒற்றை எழுத்தே. நிலைகள் வேண்டா என்னும் கொள்கையை ரெஸ்லர் தம் காரின் இலக்கத்தகட்டிலேயே பொறித்துக்கொண்டார்.

எப்போதாவது கடிதம் எழுதுவோனுக்கு ரெஸ்லர் கொள்கையே பொருந்தும். ஆயின் நிரல் எழுதுவோன் புதிதாக எழுதுவதினும், எழுதியதைப் படித்துத் திருத்துவதிலேயே மிகுந்த பொழுதைக் கழிக்கின்றான். அவனுக்குத் திருத்தும் நிலையே இயல்பு நிலையாயிருத்தல் நியாயமானது. 1991இல் பிராம் மூலனார் வெளியிட்டு வளர்த்த 'விம்', எழுது நிலையிலிருப்பதைத் திரையின் அடியிற் காட்டுதலால் மயக்கமும் ஓரளவு குறைந்தது. எஸ்கேப் விசைதான் இன்று தொல்லையாயுள்ளது. ஏடிஎம்-3ஏயில் அது இன்றைய 'ராப்' விசையின் இடத்திற் சிறுவிரலுக்கு எட்டுமாறு அமைந்திருந்தது; பின்னர் மூலைக்கு விலகிவிட்டது. ஆகவே 'கப்ஸ் லொக்' விசையை எஸ்கேப்பாக மாற்றியமைத்துக்கொள்வோர் பலர்.