மரத்திற்குக் காவியாடை

தாய்லாந்து நாட்டின் வடபகுதியில், காவித்துணி சுற்றிய பெருமரங்களைக் காணலாம். பௌத்தத் துறவிகள் ஊராரைக் கூட்டி, மறைமொழி ஓதி, மரத்திற்குத் துறவாடை அணிவிக்கின்றனர். மரம் துறவியாகிவிட்டது என்று அவர்கள் எண்ணுவதில்லை. ஆயினும் காவியுடுத்த ஒன்றின்மீது கோடரி வைக்க அந்நாட்டவர் கை கூசும் அன்றோ!

1980களின் பிற்பகுதியில் இவ்வழக்கம் பரவத் தொடங்கியது. 1988 நவம்பரில் தென்தாய்லாந்தில், காடழிந்த மலைச்சரிவுகளிலிருந்து சேறும் வெட்டுமரங்களும் வெள்ளத்தோடு இறங்கி ஊர்களை மூடின. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1989 சனவரியில் அரசு, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டும் உரிமங்களை ரத்துச் செய்தது.

துறவிகளின் இச்செயலுக்குப் பின்னே நிற்கும் சிந்தனை யாது? எப்பொருளும் தானே தோன்றுவதில்லை. பிறவற்றைச் சார்ந்தே தோன்றும், சார்பு நீங்கின் மறையும் என்பது புத்தர் போதனை. மனிதத் துன்பம் தோன்றும் முறையைப் பன்னிரு சார்புகளாக நம் மணிமேகலையும் விளக்குகிறது. காட்டிற்கும் இவ்வுண்மை பொருந்தும். வேர் போனால் மண் போகும். மண் போனால் ஊர் போகும்.

மழைக்காலத்தில் மூன்று திங்கள் துறவிகள் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது பழைய விதி. அவர்கள் நடக்கையில் பசும்புல்லும் சிற்றுயிர்களும் மிதிபடுகின்றன என்று மக்கள் குறைகூறியதே அதற்குக் காரணம் என்கிறது விநய நூல்.

வேறு வழியில் நடந்து இக்கருத்தை நெருங்கியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட் (1861–1947). உலகம் அசையாப் பொருள்களின் குவியல் அன்று, ஓயாத நிகழ்ச்சிகளின் ஓட்டம் என்று 1929இல் வெளியான 'பிராசஸ் அண்ட் ரியாலிட்டி' என்ற நூலில் அவர் விளக்கினார். ஒவ்வொரு நிகழ்ச்சியும் முன் நடந்தவற்றைத் தன்னுள் ஏற்றே உருவாகிறது. தனக்கென மதிப்பும் உடையது. எனவே, மரத்தின் மதிப்பு நாம் அதற்குத் தரும் விலையோடு முடிவதில்லை.

அப்படியாயின் கீரையும் கிள்ளக்கூடாதோ என்று நாம் கேட்கலாம். ஒயிட்ஹெட் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. உயிர் என்பது பிறவற்றைப் பறித்தே வாழ்கிறது. பறிப்பவருக்கு நியாயம் காட்டும் கடமை உண்டு என்பது அவர் கருத்து. உணரும் ஆற்றலுக்கேற்ப உயிர்களின் மதிப்பில் படிகள் உண்டு என்பர் அவர் வழி வந்தோர்.

பசிக்காகக் கிள்ளும் கீரைக்கு நம்மிடம் நியாயம் இருக்கிறது. விளையாட்டாய் ஒடித்தெறியும் கிளைக்கு? கை நீட்டுமுன் அந்த நியாயத்தைத் தேடுவோம். கிடைக்காவிடில் கையை மடக்கிக் கொள்வோம்.