வாடகை வீட்டின் வெள்ளைச் சுவர்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பகுதிகளில் வாடகைக்குத் தொடர்மாடி வீடு பார்க்கப் போகின்றவர்களுக்கு, ஒரே வீட்டையே திரும்பத் திரும்பப் பார்ப்பது போன்றதோர் உணர்வு ஏற்படுவதுண்டு. வெள்ளை அல்லது பாலாடை நிறச் சுவர், சந்தன நிறத் தரை மாபிள், வெளிர் மரநிற அலுமாரி. அலங்காரத் துறையினர் இவற்றை நடுநிலை வர்ணங்கள் என்கின்றனர். இலண்டனில் வாடகைக்கு இருந்த நம்மவர்களுக்கும் இது புதிதன்று. மக்னோலியா எனப்படும் வெளிர் பால்நிறம் அங்கு வாடகை வீட்டின் அடையாளமாகவே பல காலம் விளங்கியது.

இதனை வெறும் நாகரிக மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் வெளியேறி மற்றவர் குடிபுகுவதற்கு இடையில் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கிடைப்பது சில நாட்களே. வெள்ளைச் சுவரில் ஆணித் துளையை அடைத்து அவ்விடத்தில் மாத்திரம் பூசினால் ஓரளவு மறைந்துவிடும். பச்சைச் சுவரிலோ அது ஒட்டுப்போட்டது போலத் தெரியும். முழுச் சுவரையுமே மீளப் பூச வேண்டிவரும். கடலை அண்டிய வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் சுவரை விரைவில் கெடுப்பதால் இக்கணக்கு மேலும் முக்கியமாகின்றது.

இந்த வெண்மைக்கும் ஒரு விலை உண்டு. தீந்தைக்கு வெண்மையைக் கொடுப்பது டைட்டேனியம் ஈரொட்சைட்டு. அதற்கான மூலப்பொருளாகிய இல்மனைற் நமது புல்மோட்டைக் கடற்கரை மணலிலேயே இருக்கின்றது. அம்மணலைப் பல தசாப்தங்களாக மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்துவிட்டு, வெண்பொடியை வெளியிலிருந்து தருவிக்கும் நாடாகவே நாம் இருந்து வந்திருக்கின்றோம். அது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம்.

வெள்ளை பூசினால் வீடு வெளிச்சமாகிவிடும் என்பது பாதி உண்மையே. வெண்சுவர் தன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இல்லாத ஒளியை அது உண்டாக்காது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் தமக்கென அமைத்துக்கொண்ட வீட்டிலும் சுவர்கள் வெள்ளைதான். ஆனால் அங்கே முற்றங்களினூடாக வானத்து ஒளி இறங்குகின்றது. பழைய மரக் கதவுகளும் தூண்களும் கலைப்பொருட்களும் அந்த வெண்மையின் முன்னே உயிர்பெற்று நிற்கின்றன. அடுத்த கட்டடத்தின் சுவர் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் தொடர்மாடி அறையிலோ அதே வெள்ளை பகலிலும் சாம்பலாகவே தோன்றும். போதாக்குறைக்கு நாம் 6500 கெல்வின் கொண்ட நீலம் கலந்த மின்குமிழைப் பொருத்தி, வீட்டை மருத்துவமனை விடுதியாக்கி விடுகின்றோம். 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் சாயல் கொண்ட குமிழை மாற்றிப் பாருங்கள். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

எனினும் இங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. இந்த நடுநிலை யாருக்கானது? இன்று வாடகை செலுத்துகின்றவருக்காக அல்ல. இன்னும் வராத அடுத்தவருக்காகவே சுவர் காத்துவைக்கப்படுகின்றது. ஆணி அடிக்கக் கூடாது, விளக்கேற்றிக் கரி படியவிடக் கூடாது, சாம்பிராணிப் புகை கூடாது என்று நிபந்தனைகள் நீளுகின்றன. பால் காய்ச்சிக் குடிபுகும் தமிழ்க் குடும்பம் முதலில் தேடுவது சுவாமிப் படத்துக்கான இடத்தை. முஸ்லிம் குடும்பமோ திருக்குர்ஆன் வசனம் தாங்கிய சட்டகத்தை மாட்ட ஒரு சுவரை நாடும். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் சுவாமிப் படங்களைச் சமையலறை அலுமாரிக்குள் வைத்து, கதவைத் திறந்து கும்பிட்டு வந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் வெளியேறியபோது, கூரையில் புகை படிந்ததாகக் கூறி முற்பணத்தில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. சொந்தக்காரர் வெளிநாட்டில்; பேசுவதற்கு இருந்தவர் தரகர் மாத்திரமே.

1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிலும் 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த தமிழர்களிலும், வாடகை வீடுகளில் பெட்டியைப் பிரிக்காமலே ஆண்டுகளைக் கழித்தவர்கள் உண்டு. சுவரில் ஒரு படம் மாட்டுவது என்பது அவர்களுக்கு அலங்காரம் சார்ந்த விடயமாக இருக்கவில்லை.

ஆகவே சுவரைப் பற்றிய பேச்சை ஒப்பந்தத்துக்கு முன்னரே பேசிவிடுவது நல்லது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வெறும் கடதாசியில் கையொப்பமிட்டுச் சாவியைப் பெறுவோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. எத்தனை ஆணிகள், எந்தச் சுவரில் என்பதை அதிலேயே குறிப்பிடலாம். சாதாரண பாவனையால் ஏற்படும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்லர் என்ற வாசகம் கட்டாயம் இடம்பெற வேண்டும். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் திகதியுடன் படம்பிடித்துச் சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டால், பின்னர் எழக்கூடிய பிணக்குகளில் பாதி எழாது.

மிகுதிக்குச் சுவரைத் தொடவே தேவையில்லை. வெண்சுவருக்கு முன்னால் மருதமுனைக் கைத்தறித் துணி திரைச்சீலையாகத் தொங்கும்போது அதன் நிறம் இரட்டிப்பாகத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டிகளும் வர்ணக் கோடிட்ட பன்பாயும் எந்த ஒப்பந்தத்தையும் மீறுவதில்லை. ஆணியின்றித் தரையில் நிற்கும் இடுப்பளவு மரத் தட்டு ஒன்று சுவாமியறையாகவும் ஆகும். திருக்குர்ஆனை வைக்கும் இடமாகவும் ஆகும். வீடு மாறும்போது அதனையும் கூடவே எடுத்துச் செல்லலாம்.