முகம் ஏன் இருட்டாச்சு?



போன ஆண்டு விழாவை வீடியோ எடுத்தது நான்தான் என்று பலருக்கும் தெரியும். எங்க மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். தன் பழைய கேம்கார்டரைக் கொடுத்து, "சிவப்புப் பட்டனை அமுக்கு பாப்பா, மத்ததை அதுவே பாத்துக்கும்" என்றார். நானும் அமுக்கினேன்.

பிறகு மாமா பென் டிரைவில் ஏற்றித் தந்ததை வகுப்பில் போட்டுப் பார்த்தோம். கும்மியில் முன்னால் ஆடிய என் தோழியின் முகமே தெரியவில்லை. வளையல் தெரியுது, தலையில் பூ தெரியுது, முகம் மட்டும் கரி பூசின மாதிரி இருக்கு. யாரோ, "அவ கறுப்பு, அதான் விழல" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நடனத்துக்கும் அவள் பேர் கொடுக்கவில்லை.

எனக்கு மனசு கேட்கல. மாமாவிடம் போய், "நிஜமாவே கறுப்பா இருந்தா வீடியோல விழாதா மாமா?" என்று கேட்டேன். அவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "தப்பு அந்தப் பிள்ளை முகத்துல இல்ல. பின்னாடி பாரு, எவ்வளவு வானம்!" என்றார். அன்று அவரிடம் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேமராவுக்குள் என்ன நடக்குது?

லென்சுக்குப் பின்னால் சென்சார் என்று ஒன்று இருக்கு. மாமா கேமராவில் அது 1/3 அங்குல வகை. அதன் அளவு 4.8 மில்லிமீட்டருக்கு 3.6 மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஒரு உளுந்து! பழைய பிலிம் கேமராவின் ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 50 மடங்கு பெரிசு.

அந்த உளுந்துக்குள் லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றையும் மழையில் வைத்த ஒரு டம்ளர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மழைதான் வெளிச்சம். டம்ளர் நிரம்பி வழிந்தால் அந்த இடம் வெறும் வெள்ளை. வழிந்ததை அப்புறம் எடுக்கவே முடியாது. ரொம்பக் கொஞ்சம் விழுந்தால் இருட்டு. சின்னச் சென்சாரில் டம்ளரும் சின்னது, சீக்கிரம் வழிந்துவிடும். அதனால் பளீர் வானத்தையும் நிழலில் உள்ள முகத்தையும் ஒரே நேரத்தில் அதனால் பிடிக்க முடியாது. எது வேணும் என்று நாம்தான் சொல்லணும்.

நான் சொல்லவில்லை. 'ஆட்டோ'வில் விட்டேன். ஆட்டோவுக்கு முகம் எது, வானம் எது என்று தெரியாது. படம் முழுவதையும் பார்த்து ஒரு சராசரி எடுக்கும். முக்கால் படம் வானமாக இருந்ததால், "ரொம்ப வெளிச்சம்" என்று நினைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டது. அதான் முகம் இருட்டு. ராத்திரி மேடையில் இதுக்கு நேர்மாறு. சுற்றிலும் இருட்டு என்று கண்ணை அகல விரிக்கும், போகஸ் லைட் அடிக்கும் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும்.

என்ன செய்யணும்?

1. முதலில் ஆளை நகர்த்துங்கள். வானமோ ஜன்னலோ முதுகுக்குப் பின்னால் வேண்டாம். இதுக்குக் காசே வேண்டாம்!

2. நகர்த்த முடியாவிட்டால் 'பேக்லைட்' பட்டனை அமுக்கலாம். முகம் தெளியும். வானம் வெளுக்கும், பரவாயில்லை.

3. மேனுவலில் வைத்தால் முதலில் ஷட்டர் 1/50. நம்ம ஊர் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. 1/60 வைத்தால் சில டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும்.

4. அடுத்து கெயின் 0. கெயின் என்பது குறைவாக விழுந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது. 6 டெசிபல் ஏற்றினால் 2 மடங்கு, 18 ஏற்றினால் 8 மடங்கு. ஆனால் படம் முழுக்கக் குருணை குருணையாகத் தெரியும். வேறு வழியே இல்லாதபோதுதான் ஏற்றணும்.

5. பிறகு முகத்தை மட்டும் பார்த்து ஐரிஸைத் திறங்கள் அல்லது மூடுங்கள். வெயிலில் எஃப் 8-ஐத் தாண்டி மூட வேண்டாம். சின்ன ஓட்டை வழியாகப் போகும் ஒளி பரவிப் படம் மழுங்கும். அதுக்குப் பதில் என்டி பில்டர் போடணும். அது கேமராவுக்குக் கூலிங் கிளாஸ்.

6. வெயிலில் கேமராத் திரையை நம்பாதீர்கள், எல்லாமே மங்கலாகத் தெரியும். 'ஜீப்ரா'வைப் போட்டால் வெளிச்சம் அதிகமான இடத்தில் வரிக்குதிரைக் கோடு ஓடும். கோடு வீடியோவில் பதியாது. 100-ல் வைத்தால் எந்த இடம் வழியுது என்று தெரியும்.

ஜீப்ராவில் முக்கியமான விஷயம் இன்னொன்று. முகத்தில் 70 கோடு லேசாக விழணும் என்று சொல்வார்களாம். அது வெள்ளைத் தோலுக்கு ஏற்ற கணக்கு. நம்ம முகத்துக்கு அதையே வைத்தால் நிறம் வெளிறிப்போகும். அதுக்குக் கீழேதான் வைக்கணும். "கறுப்பை வெளுப்பாக்குறது வேலை இல்ல. கறுப்பைக் கறுப்பாவே அழகா, தெளிவாக் காட்டுறதுதான் வேலை" என்றார் மாமா.

போன ஞாயிற்றுக்கிழமை தோழியைக் கூட்டிப்போய்ப் பள்ளிப் புங்கமரத்தடியில் இரண்டு தடவை எடுத்தேன். ஆட்டோவில் எடுத்ததில் அதே கரி முகம். ஐரிஸைத் திறந்து எடுத்ததில் அவள் கண், சிரிப்பு, கன்னத்துக் குழி எல்லாம் பளிச்! அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த விழாவுக்கும் நீதான் எடுப்பியா?" என்று மட்டும் கேட்டாள். "நான்தான்டி. உன் முகத்துக்கு அளந்து எடுப்பேன்" என்றேன்.

செல்போனிலும் இதே விதிதான். நிறைய போன்களில் திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் அந்த இடத்துக்கு வெளிச்சத்தை அளக்கும். வீட்டில் செய்து பாருங்கள்.

இனிமேல் வீடியோவில் யார் முகமாவது இருட்டாக விழுந்தால், முகத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கேமரா பிடித்தவரைக் கேளுங்கள்!



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி