பினாங்குத் தீவில் பசியாற வாருங்கள்

பள்ளி விடுமுறையும் திருநாள்களும் வந்துவிட்டால், கெடா, பேராக் மாநிலத் தோட்டங்களிலிருந்து பினாங்குத் தீவுக்குப் புறப்படும் குடும்பங்கள் பலவாகும். தண்ணீர்மலையில் முருகனை வணங்கி, கொடிமலை ஏறி, கடற்கரையில் காற்று வாங்கி இரவுக்குள் வீடு திரும்புவர். காண வேண்டிய இடங்கள் எவை என்பதை யாவரும் அறிவர். ஆனால், சுற்றி வரும் வழியில் எங்கே அமர்ந்து பசியாறுவது என்று கேட்டால், பலரும் விடையின்றித் தயங்குவர்.

இந்தத் தயக்கத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு ரப்பர்த் தோட்டத்து மக்களுடன் வாடகைப் பேருந்தில் இத்தீவுக்குச் சென்றேன். மாலை மங்கியதும் கடலோர அங்காடிக் கடைகளில் விளக்குகள் எரியத் தொடங்கின. பால்மரம் வெட்டும் கணவனும் மனைவியும் தம் பிள்ளைகள் இருவருடன் கடற்சுவரின் மீது அமர்ந்து, விடியற்காலையில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை உண்டுகொண்டிருந்தனர். பிள்ளைகளின் கண்களோ கடைகளை விட்டு அகலவில்லை. "அங்கே போய் ஏதாவது சாப்பிடவில்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பட்டணத்து ஆளுங்களுக்கு, வாத்தியாரே. என்ன விலையோ, என்ன கறியோ, நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் அந்த அம்மையார்.

விலை என்ன, கறி என்ன என்னும் அவருடைய இரு கேள்விகளும் நியாயமானவையே. அவற்றுக்கு இக்கட்டுரையின் இறுதியில் விடை கூறுவேன். ஆனால், அவை பட்டணத்தாருக்கே உரிய இடங்கள் என்று அவர் எண்ணியதுதான் சரியன்று. அதற்கான காரணத்தை முதலில் காண்போம்.

காண்டாக் கம்பில் வந்த சோறு

பினாங்கின் பெயரை நாடெங்கும் பரப்பிய உணவு நாசி கண்டார். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்பது தோளில் வைத்து இரு முனைகளிலும் சுமை தொங்கவிடும் கம்பு. மரத்தடியில் சேர்ந்த பாலை வாளிகளில் நிரப்பி, நம் தோட்டத்து மூத்தோர் தோளில் சுமந்து சென்றார்களே, அந்தக் காண்டாக் கம்பும் இதுவே. பொருளும் ஒன்று, சொல்லும் ஒன்று.

தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இக்கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானையையும் மறுமுனையில் குழம்புப் பானையையும் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகப் பகுதிக்குச் சென்றனர். கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் வேலைக்கு இடையே அவர்களைச் சூழ்ந்துகொண்டு உண்டனர். உழைக்கும் உடலுக்கு விரைவாகவும் மலிவாகவும் வயிறு நிறைய வேண்டும். சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றும் வழக்கமும் இத்தகைய அவசர உணவுக்கு நன்கு பொருந்தியது. கம்பும் பானையும் மறைந்து, அவற்றின் இடத்தில் கடைகள் எழுந்தன. கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, நூறாண்டுகளைக் கடந்து நடந்து வருகிறது.

சீனரின் சார் குவேய் தியாவ் என்னும் வறுத்த அரிசிப் பட்டை மீயும் இவ்வாறே மீனவரும் கூலி வேலை செய்தோரும் மாலையில் விற்றுப் பிழைத்த உணவு என்பர். ஆகவே, பினாங்கின் புகழ்பெற்ற உணவுகள் பலவும் உழைப்பாளிகள் உழைப்பாளிகளுக்காகச் சமைத்தவை. அக்கடைகளில் அமர நமக்கு முழு உரிமை உண்டு.

காலை: கடைத்தெரு

தீவுக்குச் செல்ல இரு பாலங்கள் உள்ளன. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்பாலம் 1985இலும், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் 2014இலும் திறக்கப்பட்டன. எனினும், பட்டர்வொர்த்திலிருந்து படகில் செல்வதே பயணத்திற்கு அழகு. கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய பெரும்படகுகள் 2020ஆம் ஆண்டு இறுதியில் ஓய்வு பெற்றன. 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. அவற்றில் ஆள்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம்.

படகுத் துறையிலிருந்து சிறிது தொலைவு நடந்தால், நம்மவர் கடைத்தெரு என்றழைக்கும் மார்க்கெட் தெரு வரும். அருகே 1833ஆம் ஆண்டில் தோன்றிய மகாமாரியம்மன் கோயில் உள்ளது. காலை வேளையில் சாம்பிராணிப் புகையும் மல்லிகை மணமும் தோசைக்கல்லின் ஓசையும் கலந்து வரும் இத்தெருவில் இட்டலி, தோசை, ரொட்டி சானாய், தே தாரேக் யாவும் கிடைக்கும். இலையில் சோறு போடும் உணவகங்களும் உள்ளன. மொழி நம்முடையது, உணவும் நம்முடையது. முதன்முறை வருவோர் இங்கே தொடங்குவது நலம்.

ஜார்ஜ் டவுன் பழைய நகரம் 2008ஆம் ஆண்டில், மலாக்காவுடன் சேர்த்து, யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களைப் போலவே கடைத்தெருவின் அன்றாட வாழ்வும் அம்மரபில் அடங்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

முற்பகல்: வடகடலோரம்

தீவை முழுதும் சுற்றிவர ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சாலை உண்டு. நகரை விட்டு வடக்கே சென்றால் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி ஆகிய கடற்கரைகள் வரும். 101ஆம் எண் பேருந்து இவ்வழியாகத் தெலுக் பஹாங் வரை செல்கிறது. பெரிய தங்கும் விடுதிகளைக் கண்டு மலைக்க வேண்டா. அவற்றுக்கு இடையே சாலையோரத்தில் எளிய மலாய் உணவுக் கடைகளும் உள்ளன.

தெலுக் பஹாங், மீனவர் வாழும் சிற்றூர். மரத்துறையின் இருமருங்கிலும் படகுகள் கட்டப்பட்டிருக்கும். 2003இல் அமைக்கப்பட்ட பினாங்குத் தேசியப் பூங்காவின் நுழைவாயிலும் இங்கேயே உள்ளது. காட்டு நிழலையும் கடற்காற்றையும் ஒருங்கே நுகர்ந்தவாறு, இளநீரோ தேநீரோ அருந்திக் களைப்பாற இஃது ஏற்ற இடம்.

நண்பகல்: மலைக்கு அப்பால்

தெலுக் பஹாங்கிலிருந்து சாலை மலையேறி, வளைந்து வளைந்து தெற்கே இறங்குகிறது. பழக்காலத்தில் வழியோரக் குடில்களில் டுரியானும் மங்குஸ்தீனும் குவிந்திருக்கும். மலைக்கு அப்பால் வருவது பாலேக் பூலாவ். 'தீவின் பின்புறம்' என்பது இப்பெயரின் பொருள். நகரத்து ஆரவாரம் இங்கே இல்லை. ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் மரங்கள் சூழ்ந்த இச்சிற்றூரில், தோட்டத்தில் வாழ்ந்த எவரும் அயலாராக உணரமாட்டார்கள்.

இவ்வூர் லக்சாவுக்குப் பெயர் பெற்றது. லக்சா இருவகைப்படும். ஒன்று ஆசாம் லக்சா. கெம்போங் மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, புளிப்புச் சேர்த்துக் காய்ச்சிய குழம்பை அரிசி நூலடையின் மேல் ஊற்றித் தருவர். வெள்ளரிக்காய், அன்னாசி, வெங்காயம், புதினா ஆகியவற்றைப் பச்சையாக நறுக்கித் தூவி, கரண்டியில் இறால் பசையும் வைப்பர். மற்றொன்று தேங்காய்ப்பால் சேர்த்த சயாம் லக்சா. மீன்குழம்பும் இடியாப்பமும் உண்டு பழகிய நாவுக்கு இது பெரும் புதுமையாகத் தோன்றாது. வெயிலில் வந்தவர்களுக்குப் புளிப்புக் குழம்பு பசியைத் தூண்டும். தொடர்ந்து ஒரு குவளை ஜாதிக்காய்ச் சாறு அருந்தலாம். கொட்டையையும் பத்திரியையும் மசாலையாக விற்று, சதையைச் சாறாகவும் ஊறுகாயாகவும் ஆக்கும் சிக்கனம் நம் இல்லத்தரசிகள் போற்றத்தக்கது.

பிற்பகல்: தென்கரை

பாலேக் பூலாவிலிருந்து தெற்கே சென்றால் கெர்த்தாக் சங்குல், தெலுக் கும்பார் ஆகிய கடலோர ஊர்கள் உள்ளன. தென்னை நிழலில் மேசை போட்ட கடல் உணவுக் கடைகளில், அலையோசை கேட்டவாறு மீனும் இறாலும் உண்ணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீன், நண்டு, பெரிய இறால் ஆகியவற்றை எடைக்கணக்கில் விற்பது வழக்கம். நானே ஒருமுறை விலை கேளாமல் ஒரு மீனைச் சுட்டிக்காட்டிவிட்டு, பின்னர்க் கணக்கைப் பார்த்து வாயடைத்து நின்றேன். கடைக்காரர்மீது குற்றம் இல்லை; கேளாதது என் குற்றம். "இந்த மீன் எத்தனை கிராம்? சமைத்துத் தர மொத்தம் எத்தனை வெள்ளி?" என்று முன்னரே கேட்டுவிட்டால் எவ்வித மனத்தாங்கலும் வராது.

இதன்பின் சாலை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தைக் கடந்து மீண்டும் நகரை அடைகிறது. கொடிமலைக்கும் செல்ல விரும்புவோர் அதற்கென வேறொரு நாளை ஒதுக்குவது நலம். 833 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு, நகரிலிருந்து 204ஆம் எண் பேருந்தில் அடிவாரம் சென்று, இழுவை இரயிலில் ஏறலாம். உச்சியின் குளிர்காற்றில் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீருக்குத் தனிச் சுவை உண்டு.

இரவு: விளக்கொளியில் அங்காடி

மாலையில் கர்னி கடலோரத்தை அடைவோம். 1951இல் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயர் இச்சாலைக்கு இடப்பட்டது. முன்பு அலைகள் சுவரில் மோதிய இடத்தில் அண்மை ஆண்டுகளில் கடலைத் தூர்த்துப் பூங்கா அமைத்துள்ளனர். கடற்காட்சி மாறினும் அங்காடி மணம் மாறவில்லை. இரும்புச் சட்டி ஒலிக்க, தீ மேலெழ, ஒவ்வொரு தட்டாக மீ வறுப்பதைக் காண்பதே ஒரு விருந்து.

மாமாக் மீ கோரிங்கும் பாசெம்பூரும் இங்கே நம்மவர் நாவுக்கு ஏற்றவை. வெள்ளரிக்காய், சிங்குவாங் கிழங்கு, உருளைக்கிழங்கு, தௌவு, முட்டை, இறால் வடை ஆகியவற்றை நறுக்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கால் கெட்டியாக்கிய இனிப்புக் காரக் குழம்பை ஊற்றித் தருவது பாசெம்பூர். நகருக்குள் பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ சந்தில், 1936 முதல் விற்கப்படும் செண்டோலும் புகழ்பெற்றது. நீரிழிவு உள்ளோர் ஒரு கிண்ணத்தைப் பலராகப் பகிர்ந்துண்பது நன்று.

2022 டிசம்பரில், உலகெங்கும் உணவகங்களைத் தரம்பிரித்து வெளியிடும் மிச்செலின் வழிகாட்டி ஏடு முதன்முறையாகக் கோலாலம்பூரையும் பினாங்கையும் சேர்த்துக்கொண்டது. பினாங்கின் அங்காடிக் கடைகள் பலவும் அதில் இடம்பெற்றன. துறைமுகக் கூலியின் பசிக்காகத் தொடங்கிய சமையலைத் தேடி இன்று உலகமே வருகிறது. நாம் மட்டும் ஒதுங்கி நிற்பது முறையாகுமா?

அம்மையாரின் இரு கேள்விகள்

முதற்கேள்வி, விலை என்ன என்பது. உணவகங்கள் விலைகளை எழுதிக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். பலகையைப் பாருங்கள், இல்லையேல் கேளுங்கள். நாசி கண்டார் கடையில் சோறும் குழம்பும் மலிவு. பெரிய இறால், மீன்சினை, கணவாய் ஆகியவற்றைச் சேர்க்கும்போதுதான் விலை ஏறுகிறது. கோழியும் வெண்டைக்காயும் போதும் என்று சொல்வதில் இழுக்கில்லை. விலை கேட்பது வறுமையின் அடையாளமன்று. பணம் கொடுப்பவரின் உரிமை.

இரண்டாவது கேள்வி, கறி என்ன என்பது. நாசி கண்டார் கடைகளில் மாட்டிறைச்சியும் இருக்கும். குழம்புகளைக் கலந்து ஊற்றுவதால், அதனை உண்ணாதோர் "மாட்டுக்கறிக் குழம்பு வேண்டா" என்று முன்னரே சொல்லிவிட வேண்டும். சீனர் கடைகளின் மீயில் பன்றிக் கொழுப்புச் சேர்வதுண்டு. வேண்டாதோர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சைவ உணவினர் லக்சாவில் மீனும், பாசெம்பூரில் இறாலும் உண்டு என்பதை நினைவிற்கொள்க.

தூய்மையையும் கவனியுங்கள். உணவைக் கையாள்வோர் பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் கூறுகின்றன. சூடாகச் சமைத்து உடனே தரும் கடையை நாடுங்கள். ஈ மொய்க்கும் பண்டத்தை விலக்குங்கள். உண்ணும் முன் பிள்ளைகளின் கைகளைக் கழுவச் செய்யுங்கள். 2019 முதல் உணவகங்களில் புகை பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் மறவாதீர்கள்.

அன்று கடற்சுவரில் அமர்ந்திருந்த அக்குடும்பத்தை நான் ஒரு மீ கோரிங் கடைக்கு அழைத்துச் சென்றேன். அம்மையாரே முன்வந்து விலை கேட்டார். கடைக்காரர் தமிழிலேயே விடை சொன்னார். ஒரு தட்டு மீ கோரிங், ஒரு தட்டு பாசெம்பூர், நான்கு கரண்டிகள். பத்து வெள்ளிக்குள் முடிந்தது. நாசி கண்டார் என்னும் பெயர் எப்படி வந்தது என்று சிறுவன் கேட்க, கடைக்காரர் தோளில் கை வைத்து அந்தக் கம்பைப் பற்றிச் சொன்னார். "எங்க தாத்தா பால் தூக்குனாரே, அதுவா?" என்றான் சிறுவன். அவன் தந்தை தலையசைத்து, நாற்காலியைச் சற்று முன்னே இழுத்து நன்றாக அமர்ந்துகொண்டார்.

தோட்டத்து அன்பர்களே, அடுத்த விடுமுறையில் புளிச்சோற்றையும் தாராளமாகக் கட்டிக்கொண்டு செல்லுங்கள், அதுவும் நல்லுணவே. ஆனால், ஒருவேளை உணவையாவது அங்காடியில் அமர்ந்து உண்டு வாருங்கள். அந்த நாற்காலி உங்களுக்கும் உரியது.