மார்கரெட் போலின் மரபுவழி

மார்கரெட் போல் (14 ஆகஸ்ட் 1473 – 27 மே 1541) என்பவர் இங்கிலாந்தின் டியூடர் காலத்தைச் சேர்ந்த உயர்குடிப் பெண் ஆவார். இவர் சாலிஸ்பரி சீமாட்டி என்னும் பட்டம் பெற்றவர். பிளாண்டாஜெனெட் அரச மரபில் பிறந்ததே இவரது உயர்வுக்கும் அழிவுக்கும் காரணமாக அமைந்தது.

தந்தை வழி

இவரது தந்தை கிளாரன்ஸ் டியூக் ஜார்ஜ், மன்னர்கள் நான்காம் எட்வர்ட், மூன்றாம் ரிச்சர்ட் ஆகியோரின் உடன்பிறந்தவர். ஜார்ஜின் தந்தை யார்க் டியூக் ரிச்சர்ட். ரிச்சர்டின் தாய் ஆன் மார்ட்டிமர், மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலின் வழித்தோன்றல். இவர் வழியாகவே யார்க் குடும்பம் அரியணைக்கு உரிமை கோரியது.

தாய் வழி

தாய் இசபெல் நெவில், வாரிக் ஏர்ல் ரிச்சர்ட் நெவிலின் மூத்த மகள். வாரிக் ஏர்லின் தாய் ஆலிஸ் மாண்டகியூ வழியாகச் சாலிஸ்பரி பட்டம் நெவில் குடும்பத்துக்கு வந்தது. 1512இல் எட்டாம் ஹென்றி அப்பட்டத்தை மார்கரெட்டுக்கு அளித்தார்.

விளைவுகள்

யார்க் மரபின் ஆண் வாரிசான தம்பி எட்வர்ட், ஏழாம் ஹென்றியின் ஆட்சியில் 1499இல் கொல்லப்பட்டார். எட்டாம் ஹென்றியின் தாய் எலிசபெத், மார்கரெட்டின் பெரியப்பா மகள். எனவே மார்கரெட் மன்னருக்குச் சித்தி முறை ஆவார். எனினும் இவரது மகன் ரெஜினால்ட் போல், ஹென்றி ரோமிலிருந்து பிரிந்ததை எதிர்த்து எழுதியதால் குடும்பம் மன்னரின் சினத்துக்கு ஆளானது. அரச இரத்தம் கொண்ட எதிரிகளாகக் கருதப்பட்டதால் ஆபத்து மேலும் கூடியது. 1539இல் நீதிமன்ற விசாரணையின்றி, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் மார்கரெட் துரோகி என அறிவிக்கப்பட்டார். 67ஆம் வயதில் இலண்டன் கோபுரத்தில் இவரது தலை துண்டிக்கப்பட்டது.